டெஸ்டரம்மா கொட்டிய பால்

நெல்லித்தோப்பில் போய் ஞானமேரி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டெஸ்டரம்மா வீடு என்று கேட்டால் போதும், ஆட்டோக்காரர் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். விட்டுவிட்டு, "பாத்துப் பேசுங்க சார், அந்தம்மா சட்டுனு கை வச்சிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லியும் வைப்பார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

கோலமயில் டெய்ரி என்று ஒரு தனியார் கம்பெனி. நீலப் பாக்கெட்டில் மயில் படம் போட்டு வரும். அந்தக் கம்பெனிக்குத் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஒரு பால் சென்டர் இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் காலையிலும் சாயங்காலமும் கேனில் பால் கொண்டுவந்து அங்கே ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு முன்னால் பாலைச் சோதித்து, 'சரி' என்றோ 'தள்ளு' என்றோ சொல்வதுதான் ஞானமேரியின் வேலை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பதினோரு வருஷ சர்வீஸ். கல்யாணம் கில்யாணம் என்று யாரும் அவளிடம் பேச்செடுத்ததில்லை, எடுத்தவர்கள் இரண்டாம் தடவை எடுத்ததில்லை.

அவளுடைய வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வழவழவென்று சுருங்கி ஒட்டிப்போயிருக்கும். கொழுப்பு பார்ப்பதற்குக் கண்ணாடி டியூபில் ஆசிட்டையும் பாலையும் விட்டு, ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்துக் குலுக்க வேண்டும். குலுக்கக் குலுக்க டியூப் கொதிக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு மூடி பிய்த்துக்கொண்டு வந்து ஆசிட் மொத்தமும் கையில் இறங்கியது. சதை வெந்து புகைந்த அந்தக் கையை வாளித் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு, வரிசையில் மிச்சம் நின்ற பதினாலு பேரின் பாலையும் இடது கையால் சோதித்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

மற்ற சென்டர்களில் பால் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஞானமேரி கொடுக்க மாட்டாள். கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே கடலூர் ரோட்டில் கவிழ்ப்பாள். "என் மூக்கு வேணாம்னு சொன்ன பாலு டீக்கடைக்கும் போகக் கூடாது, இன்னொரு சென்டருக்கும் போகக் கூடாது" என்பது அவள் சட்டம். ஒரு வேளைப் பால் ரோட்டில் ஓடினால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் கொட்டினாள். சென்டர் வாசலில் கிடந்த தெருநாய்கள் நன்றாகக் கொழுத்திருந்தன.

இன்னொரு சட்டமும் இருந்தது. பாலில் தண்ணீர் சேர்த்தவர்கள் பிடிபட்டால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "கேன் கழுவுன தண்ணி கொஞ்சம் நின்னுபோச்சும்மா." கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஒருநாள் அப்படிச் சொன்ன ஓர் ஆளின் வாயில் கேன் மூடியாலேயே ஓங்கி அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் அவன் பால் கேனிலேயே சொட்டியது. "இனிமே எவ வாயிலயாவது, எவன் வாயிலயாவது கழுவுன தண்ணின்னு வந்துச்சு, பல்லைப் பேத்துடுவேன். கேனைக் கவுத்துப் போட்டு வெயில்ல காய வை. ஒரு சொட்டு இருக்கக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தாலும் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் வரிசைக்கு வந்தார்கள்.

இந்த ரகளைக்கெல்லாம் நடுவில் ஒரே ஒருத்தியிடம் மட்டும் ஞானமேரி சத்தம் போட்டதில்லை. அவள் கன்னியம்மாள். ஐம்பது வயது, புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, ஒரே ஒரு செவலை மாடு. கூட்டுரோட்டிலிருந்து ஒரு கல் தள்ளி வீடு. ஏழு வருஷமாகப் பால் ஊற்றுகிறாள், ஒருநாள்கூடத் தள்ளியதில்லை. "கன்னியம்மா கேனை மோந்து பாக்கவே வேணாம்" என்று ஞானமேரி மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள். வெள்ளிக்கிழமை தோறும் கன்னியம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து அவள் பையில் சொருகிவிட்டுப் போவாள். அவ்வளவுதான் அவர்கள் சிநேகிதம். ஞானமேரிக்கு வேறு சிநேகிதம் இல்லாததால் அதுவே பெரிசு.

தவளக்குப்பத்தில் சோதித்த பால் லாரி ஏறி, கம்பெனியின் பால் பண்ணைக்குப் போய், பாக்கெட் ஆகி, மறுநாள் காலையில் நெல்லித்தோப்புக்கே திரும்பி வரும். அதை விற்கிற பூத்தை நடத்தினவள் ஞானமேரியின் தங்கை வெரோனிகா. அக்காவும் தங்கையும் ஒரே வீடு. அக்கா கோபக்காரி என்றால் தங்கை வாயில்லாப் பூச்சி.

நெல்லித்தோப்புக்காரர்களுக்குப் பாலைப் பற்றித் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் தட்டினால் பழசு. காய்ச்சினால் ஆடை விரல் கனம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர். விடியற்காலை வாங்கினது ஃப்ரிட்ஜ் இல்லாமல் மத்தியானக் காபி வரைக்கும் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் ஏமாற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆடை கட்ட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தினமும் பார்ப்பார். ஒரு நிமிஷம் கூடினால் வெரோனிகாவிடம் வந்து பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் திட்டுவார். அத்தனை பேரும் சேர்ந்து பாலை ஒரு கண்ணாடியாக வைத்துக்கொண்டு, தங்களை எவனோ ஏமாற்றுகிறான் என்று அதில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மே மாதம் கத்திரி வெயிலில் பால் திரிந்தது. ஒருநாள் பத்து வீட்டில், மறுநாள் முப்பது வீட்டில். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பூத்தைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஒருத்தி திரிந்த பாலைச் சட்டியோடு கொண்டுவந்திருந்தாள், அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு.

"இதைக் கொண்டா எம்புள்ளைக்கு ஊத்தச் சொல்ற?" என்றாள்.

"யக்கா, நான் வாங்கி விக்கிறவதானே..." என்று வெரோனிகா சொல்லி முடிப்பதற்குள் சட்டி அவள் தோளில் கவிழ்ந்தது. அவள் அலறிய அலறலில் கூட்டம் பின்வாங்கியிருக்க வேண்டும். பின்வாங்கவில்லை, சூடு பிடித்துக்கொண்டது. எவனோ பிளாஸ்டிக் டிரேயைத் தூக்கி எறிந்தான். அதன் மூலை வெரோனிகாவின் புருவத்தைக் கிழித்தது. கண்ணாடிக் கதவு நொறுங்கியது. பாக்கெட்டுகளை எடுத்து எடுத்துத் தரையில் அடித்தார்கள். நேற்றுவரை 'வெரோனிகா, ரெண்டு பாக்கெட்டு குடும்மா' என்று கேட்ட அதே கைகள்தான்.

காலை வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய ஞானமேரி இதைப் பார்த்தாள். கீழே கிடந்த டிரேயை எடுத்தாள், முன்னால் நின்றவன் மூஞ்சியில் அடித்தாள். மூக்கு உடைந்து அவன் உட்கார்ந்தான். இரண்டாவது ஆளுக்கு முழங்கையில் விழுந்தது. மூன்றாவது ஆளைத் தேடும்போது தெரு காலியாகியிருந்தது. தங்கையின் தோளில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது, இடது கண்ணை ரத்தம் மூடியிருந்தது.

மறுநாள் கம்பெனி ஆபீசர் பிரேம்குமார் ஜீப்பில் சென்டருக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு.

"இது போட்டிக் காலம் ஞானமேரி. இன்னும் ரெண்டு கம்பெனி பாக்கெட்டு அந்தத் தெருவுக்கு வர ரெடியா நிக்குது. உங்க சென்டர் பால்தான் திரியுதுன்னு லேப்ல சொல்றாங்க. இன்னும் ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தா இந்த சென்டரை மூடிடுவோம். உங்க வேலையும் போச்சு, உங்க தங்கச்சி ஏஜென்சியும் போச்சு. அப்புறம் எங்கிட்ட வராதீங்க."

ஞானமேரிக்கு அழுகை வருவதற்குப் பதிலாகக் கோபம்தான் வரும். அது அவள் பிறவிக் குணம். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு காலிக் கேனுக்குள்ளும் தலையை விட்டு மோந்தாள். பாதிக் கேன்களில் பழைய பால் வாடை. நெளிவுகளில் வழுவழுவென்று பாசி மாதிரி ஒட்டியிருந்தது. பால் திரிந்ததற்குக் காரணம் அதுதான் என்று பிடித்துக்கொண்டாள். அதில் அவள் கணக்குத் தப்பவும் இல்லை.

"நாளையிலேர்ந்து எல்லாரும் கேனைச் சலவைச் சோடா போட்டுக் கழுவணும். சுடுதண்ணியில கரைச்சு, நல்லாத் தேச்சுக் கழுவி, கவுத்து வெயில்ல காய வச்சு எடுத்தாரணும். வாடை அடிச்சுது, பாலையும் கொட்டுவேன், கேனையும் உடைப்பேன். எந்தங்கச்சி மூஞ்சியப் பாத்துட்டு வந்து பேசுங்கடி!" என்று கத்தினாள். பெண்கள் ஒன்பது பேர் தலையை ஆட்டினார்கள். அதில் கன்னியம்மாளும் ஒருத்தி.

ஆட்டாதவன் பலராமன். பத்து வீட்டுப் பாலை வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவன். எருமை மாதிரி உடம்பு, அதற்கு ஏற்ற வாய்.

"சோடா போட்டா அலுமினியம் அரிச்சிடும். எங்கேன் ஓட்டையானா நீ வாங்கித் தருவியா?"

"அப்ப உன் பாலு வேணாம்" என்று சொல்லி ஞானமேரி அவன் கேனைத் தூக்கினாள். ரோட்டில் பாதிப் பால் ஓடியிருக்கும். பலராமன் பாய்ந்து வந்து ஒரே கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து நெரித்தான். கால் தரையை விட்டு எழும்பியது. கண் பிதுங்கும் நேரத்தில் அவள் கை பக்கத்து மேசையைத் துழாவி ஆசிட் பாட்டிலைப் பிடித்தது. பல்லால் மூடியைக் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, பாட்டிலை அவன் முகத்துக்கு நேரே சாய்த்தாள். இரண்டு சொட்டு அவன் கால் விரலில் விழுந்து புகைந்தது. அவன் கத்திக்கொண்டே விட்டான். "அடுத்த சொட்டு கண்ணுலதான்" என்றாள், தொண்டை கிழிந்த குரலில். அவள் உதடும் வெந்திருந்தது.

பலராமன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் வந்தான். சோடா போடவில்லை, புளியும் கொதிக்கிற தண்ணீரும் போட்டுத் தேய்த்தேன் என்றான். ஞானமேரி கேனை மோந்தாள். வாடை இல்லை. தள்ளுவதற்குக் காரணம் கிடைக்காததால் எடுத்துக்கொண்டாள். ஆனால் அவன் மேல் ஒரு கண் வைத்தே இருந்தாள்.

பால் திரிவது நின்றது. பதினோரு நாள் நெல்லித்தோப்பில் சத்தமில்லை. சொல்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். வெரோனிகா புருவத்தில் தையல் பிரித்தார்கள். புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஞானமேரி முன் வரிசையில் முட்டி போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பாடினாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வீட்டில் காபி உவர்த்தது. மறுநாள் தெரு முழுக்க உவர்த்தது. "சோப்புத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். ஒரு கைக்குழந்தை வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தது. இந்தத் தடவை கூட்டம் கேள்வி கேட்கவில்லை. வெரோனிகாவைப் பூத்துக்குள்ளிருந்து முடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். பாக்கெட்டுகளைப் பல்லால் கிழித்து ஒவ்வொன்றாக அவள் தலையில் ஊற்றினார்கள். "குடிடி, நீயே குடி" என்று ஒருவன் அவள் வாயைப் பிளந்து ஊற்றினான். புரையேறி இருமினவளைச் சாக்கடையில் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். தையல் பிரித்த இடம் மறுபடியும் பிளந்தது.

அன்று சாயங்காலமே பிரேம்குமார் சின்னப் பழுப்பு பாட்டில் ஒன்றோடு சென்டருக்கு வந்தார். "புளிச்ச பாலை மறைக்கிறதுக்கு எவனோ சோடா கலக்குறான். இந்த மருந்தை ரெண்டு சொட்டு விட்டா தெரிஞ்சிடும். சுத்தமான பாலு மங்கலா ஆரஞ்சு மாதிரி நிக்கும். சோடா இருந்தா ரோஸ் கலராயிடும். இன்னிக்கு ஆளைப் பிடிச்சாகணும்."

எவன் என்பதில் ஞானமேரிக்குச் சந்தேகமே இல்லை. "பலராமா, நீ மொதல்ல வா" என்றாள். வரிசையே நெருங்கி வந்து சூழ்ந்தது. அவன் பாலை டியூபில் எடுத்தாள், சொட்டு விட்டாள், தூக்கிப் பிடித்தாள். மங்கலான ஆரஞ்சு. இரண்டாவது கேன், அதே நிறம். மூன்றாவதும் அதே. பலராமன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். "என்னா டெஸ்டரம்மா, ஆசிட் ஊத்தணுமா?"

அடுத்து நின்றவள் கன்னியம்மாள். "உன்னுத எதுக்குப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் ஞானமேரி டியூபில் எடுத்தாள். பிரேம்குமார் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. பால் ரோஸ் நிறமானது, கோயில் திருவிழா மிட்டாய் மாதிரி பளிச்சென்று.

ஞானமேரி டியூபை மேசையில் வைத்தாள். ஏழு வருஷம் மோந்து பார்க்காமல் எடுத்த பால். சாக்கடையில் கிடந்த தங்கை. எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறியது. பலராமனாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"நீயாடி? உன்னையாடி நான் நம்புனேன்?"

கன்னியம்மாள் விழித்தாள். "நான் ஒண்ணும் கலக்கலயேம்மா. நீ சொன்னபடிதானம்மா..."

'நீ சொன்னபடி' என்ற வார்த்தை திமிராகத்தான் ஞானமேரி காதில் விழுந்தது. கேன் மூடியை எடுத்து ஓங்கினாள். கன்னியம்மாள் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினாள். மூடியின் விளிம்பு மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஞானமேரிக்கும் கேட்டது, நிறுத்தவில்லை. அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது தலையில். கீழே விழுந்தவள் மேல் அவளுடைய பாலையே கவிழ்த்தாள். பலராமனுக்குக் கேன் இறக்க வந்திருந்த ஆண்கள் இரண்டு பேர், பழி தங்கள் மேல் வராமல் போன நிம்மதியில், ஓடிவந்து உதைத்தார்கள். பலராமன் அவள் கேனைக் காலால் மிதித்து நசுக்கினான். பாலும் ரத்தமும் சேறுமாக உருண்டுகொண்டே கன்னியம்மாள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நீதானம்மா சொன்ன... நீதானம்மா சொன்ன..."

"அடுத்தது எடுங்க" என்றார் பிரேம்குமார், செருப்பில் பால் படாமல் ஒதுங்கி நின்றபடி.

அடுத்த பெண்ணின் பாலும் ரோஸ். அதற்கடுத்ததும் ரோஸ். மூன்றாவது பெண் டியூபைப் பார்க்கும் முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது பெண்களில் ஒன்பது பேருடையதும் ரோஸ். ஞானமேரி பேச்சைக் கேட்காத பலராமனுடையது மட்டும்தான் ஆரஞ்சு.

ஞானமேரி டியூபை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கேனை எப்பிடிடி கழுவுனீங்க?" என்று கேட்டாள்.

அழுதுகொண்டிருந்த பெண்தான் பதில் சொன்னாள். "சோடாத் தண்ணியில தேச்சுக் கழுவி, அப்பிடியே கவுத்துக் காய வச்சோம்மா."

"அப்புறம் நல்ல தண்ணி ஊத்தி அலசலியா?"

"எப்பிடிம்மா அலசறது? மறுபடியும் தண்ணி ஊத்தி ஒரு சொட்டு நின்னுபோச்சுன்னா பல்லைப் பேத்துடுவேன்னியே."

பதில் சொன்ன பெண்ணின் கேனை வாங்கி ஞானமேரி உள்ளே கையை விட்டாள். மேல் விளிம்பில், பால் தொடாத இடத்தில், வெள்ளையாக மாவு படிந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உவர்த்தது. பன்னிரண்டு நாளுக்கு மேலாக இது ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, நாளுக்கு நாள் கூடுதலாகப் பாலில் கரைந்து, லாரி ஏறி, நெல்லித்தோப்புக்குப் போயிருக்கிறது.

பிரேம்குமார் புத்திசாலி. அவருக்கும் புரிந்துவிட்டது. ஞானமேரியை மேசைப் பக்கம் இழுத்து, காதோடு சொன்னார்: "வாயைத் திறக்காதீங்க. பொம்பளைங்க ஒம்போது பேரும் கலப்படம் பண்ணாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதிடறேன். அவங்களைத் தள்ளிட்டா முடிஞ்சுபோச்சு. சென்டர் நிக்கும், உங்க வேலை நிக்கும், உங்க தங்கச்சிக்கும் ஏஜென்சி நிக்கும். என்னா சொல்றீங்க?"

ஞானமேரி கீழே பார்த்தாள். கன்னியம்மாளை ஒரு பெண் மடியில் கிடத்தியிருந்தாள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. ஞானமேரி வாழ்க்கையில் பயந்த நேரங்கள் குறைவு. அப்போது பயந்தாள். வேலை போவதற்கு அல்ல, தன்னைப் பார்த்தே பயந்தாள்.

"யாரும் கலக்கல சார்" என்றாள் சத்தமாக. "சோடா போட்டுக் கழுவச் சொன்னது நானு. ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாதுன்னு அடிச்சு மெரட்டுனதும் நானு. அலசணும்னு சொல்ல மறந்ததும் நானுதான். அப்பிடியே எழுதுங்க."

அழுதுகொண்டிருந்த பெண் எழுந்து வந்து அவளை அறைந்தாள். அந்த ஓர் அறை போதுமாக இருந்தது. பதினோரு வருஷம் ரோட்டில் கொட்டின பாலெல்லாம் திரும்பி வந்தது. முடியைப் பிடித்துக் குனிய வைத்தார்கள். முதுகில் கேன் இடித்தது, வாயில் மூடி இறங்கியது. முன்பல் இரண்டு போயின. மற்ற எட்டுப் பெண்களும் தங்கள் கேன்களை அவள் தலையில் கவிழ்த்தார்கள். மூச்சு முட்டி வாயைத் திறந்தால் பாலும் ரத்தமும் உள்ளே போயின. அவள் ஒரு கையையும் தூக்கவில்லை. ஆசிட் பாட்டில் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அதை முழங்கையால் தள்ளி மேசைக்கு அடியில் உருட்டிவிட்டாள். பிரேம்குமார் ஜீப்புக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். தவளக்குப்பம் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை.

வேலை போயிற்று. சென்டரை மூடவில்லை, புது ஆளைப் போட்டார்கள். பூத்தை மூடி, ஏஜென்சியைப் பக்கத்துத் தெருவில் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வாயில்லாப் பூச்சியான வெரோனிகா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்காவை எதிர்த்து வாய் திறந்தாள். சோற்றுத் தட்டை அக்கா மேல் வீசிவிட்டுக் கேட்டாள்: "ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா எங்கடை இருந்திருக்கும். அந்தப் பொம்பளைங்க உனக்கு யாரு?" ஞானமேரி சோற்றைப் பொறுக்கிக்கொண்டே, "இருந்திருக்கும்தான்" என்றாள். நெல்லித்தோப்பில் வேறு மார்க் பாக்கெட் வர ஆரம்பித்தது. சொல்தா அதற்கும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்.

கன்னியம்மாளின் கை மாவுக்கட்டுக்குள் போயிற்று. எலும்பு கூடினாலும் பிடி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து கறந்து கொடுத்தாள். காலையில் கறக்க ஆளில்லை. மடி கட்டிக்கொண்டு மாடு கத்துகிற சத்தம் தெருவுக்கே கேட்கிறது என்று யாரோ நெல்லித்தோப்பில் வந்து சொன்னார்கள்.

மறுநாள் காலை, பழையபடி அதே கடலூர் பஸ்ஸைப் பிடித்து ஞானமேரி கூட்டுரோட்டில் இறங்கினாள். கன்னியம்மாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஞானமேரி குண்டானை எடுத்துக்கொண்டு மாட்டுக்குக் கீழே குந்தினாள். பதினோரு வருஷம் பாலைச் சோதித்தவள் அதுவரைக்கும் ஒரு மாட்டு மடியைத் தொட்டதில்லை. சுருங்கிப்போன விரல்கள் காம்பில் நிற்காமல் வழுக்கின. செவலை ஓர் உதை விட்டது. தொடையில் வாங்கி மல்லாந்து விழுந்தாள். எழுந்து மறுபடியும் குந்தினாள். இரண்டாவது உதை விலாவில். சூரியன் மேலே வருகிற வரைக்கும் போராடி மூன்று லிட்டர் கறந்தாள். குண்டானைக் கொண்டுபோய்க் கன்னியம்மாள் முன்னால் வைத்தாள்.

கன்னியம்மாள் குனிந்து பாலை மோந்தாள். பிறகு இடது கையால் குண்டானைப் பிடித்து, ஞானமேரி கண் முன்னாலேயே தரையில் கவிழ்த்தாள். சாணித் தரையில் பால் ஓடி ஞானமேரியின் கால் விரல்களை நனைத்தது. ஒரே மாடு வைத்துப் பிழைக்கிற ஒருத்தி ஒரு வேளைப் பாலைக் கொட்ட எவ்வளவு கோபம் வேண்டும் என்று ஞானமேரிக்குத் தெரியும். குண்டானை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

இரண்டாம் நாளும் கறந்தாள், கன்னியம்மாள் கொட்டினாள். மூன்றாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் கன்னியம்மாள் நெடுநேரம் மோந்தாள். நசுங்கலை அடித்து நிமிர்த்தின பழைய கேன் பக்கத்தில் இருந்தது. பாலை அதில் ஊற்றினாள், மூடினாள், காலால் ஞானமேரி பக்கம் தள்ளினாள்.

"தூக்கு. லாரி போயிடும்" என்றாள்.

அதே சென்டருக்குத்தான் ஞானமேரி கிளம்பினாள். ஒரு கல் தூரம் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து, வரிசையில் கடைசியில் போய் நின்றாள். ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் முன்னால் நின்றார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலராமன் பார்த்தான், காறித் துப்பிவிட்டு நகர்ந்துகொண்டான். புதுசாக வந்திருந்த டெஸ்டர் ஒவ்வொரு கேனாக மூடியைத் திறந்து மூக்கை வைத்தான். வரிசை நகர நகர ஞானமேரி கேன் மூடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்தாள். இந்த வரிசையில் நின்றவர்கள் பதினோரு வருஷமும் தினம் இரண்டு வேளை இப்படித்தான் நின்றார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கன்னியம்மாள் கேனைத் திறந்து மோந்தான்.

வெறும் கேனோடு அவள் திரும்பி வந்தபோது கன்னியம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா சொன்னான்?"

"சரின்னான்."

கன்னியம்மாள் குடத்தை இடது கையால் அவள் பக்கம் நகர்த்தினாள். "கேனைக் கழுவிட்டுப் போ. மூணு தண்ணி ஊத்தி அலசு" என்றாள்.

ஞானமேரி குந்தி உட்கார்ந்து முதல் தண்ணீரை ஊற்றினாள்.